மேசையைச் சுற்றி ஒரு கவிதை: உங்கள் ஊரில் மொழிபெயர்ப்புப் பட்டறை நடத்தும் முறை

உங்கள் ஊரில் தமிழ் மட்டும் பேசப்படுவதில்லை. ஓசூர்ச் சந்தையில் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. கூடலூரில் மலையாளம், திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களில் ஒடியா, இந்தி, வங்காளம். இவை எல்லாவற்றிலும் கவிதை இருக்கிறது. அதை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவரை அழைத்து உட்காரவைத்து, அவர் சொல்லும் கவிதையைப் பத்துப் பேர் கூடித் தமிழாக்குவது எப்படி என்று இந்த அத்தியாயம் சொல்கிறது. அதற்கு நீங்கள் கவிஞராக இருக்க வேண்டியதில்லை. அந்த மொழி தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் பொறுமையாக ஒரு கூட்டத்தை நடத்தத் தெரிந்தால் போதும்.

முன்மாதிரி

கவிஞர் சாரா மகுவயர் 2004இல் லண்டனில் கவிதை மொழிபெயர்ப்பு மையத்தைத் தொடங்கினார். அதன் பட்டறைகளில், மூலமொழி அறிந்த ஒருவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தாளைக் கொண்டுவருவார். ஓர் ஆங்கிலக் கவிஞர் கூட்டத்தை நெறிப்படுத்துவார். வந்திருப்பவர்கள் வரிவரியாக விவாதித்து ஆங்கில வடிவத்தை உருவாக்குவார்கள். மூலமொழி தெரியாதவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. பிரிட்டனில் வாழும் சோமாலிக் கவிஞர் ஆஷா லூல் முகமது யூசுப்பின் தொகுப்பு 2017இல் ஆங்கிலத்தில் வந்தது. கிளேர் பொலார்ட் என்ற ஆங்கிலக் கவிஞரோடு சோமாலி அறிந்த இருவரும் சேர்ந்து அதை மொழிபெயர்த்தார்கள்.

இந்த முறையைத்தான் நாம் எடுத்துக்கொள்ளப் போகிறோம். அதில் ஒன்றை மட்டும் நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன்: மூலமொழிக்காரர்தான் அந்த அறையின் முதல் ஆள். தமிழில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் கூடும் இடத்தில், அவர் அகராதிபோல் ஓரமாக உட்காரவைக்கப்படுகிற ஆபத்து எப்போதும் உண்டு. இந்த அத்தியாயத்தின் பெரும்பாலான குறிப்புகள் அதைத் தடுப்பதற்காகவே எழுதப்பட்டவை.

முதலில் ஆட்கள்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். மூன்று பொறுப்புகளை முன்கூட்டியே ஒப்படைத்துவிடுங்கள்.

1. மூலமொழிக்காரர். அந்த மொழியில் பேசி வளர்ந்தவராக இருக்க வேண்டும். பட்டம் தேவையில்லை. தமிழ் ஓரளவு பேசினால் நல்லது. பேசாவிட்டால் இரண்டு மொழியும் தெரிந்த இன்னொருவரைத் துணைக்கு உட்காரவையுங்கள். பல ஆண்டுகளாக ஊரில் கடை நடத்துகிறவர்கள் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள்.

2. ஒருங்கிணைப்பாளர். அநேகமாக நீங்கள்தான். உங்கள் வேலை கவிதை எழுதுவதல்ல. நேரத்தைப் பார்ப்பதும், பேசாதவரைப் பேசவைப்பதும்தான்.

3. எழுதுபவர். பலகையில் ஒவ்வொரு வரியின் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொண்டே வர வேண்டும். கையெழுத்து தெளிவாக இருப்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

இடத்துக்கு அலைய வேண்டாம். கிளை நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் இருக்கிறது. நூலகரிடம் போய் ஒரு ஞாயிறு பிற்பகல் கேட்டுப் பாருங்கள். பள்ளி வகுப்பறையும் சரிதான். மேடையும் மைக்கும் உள்ள மண்டபம் மட்டும் வேண்டாம். மைக் வந்தால் உரை வந்துவிடும், உரை வந்தால் வேலை நின்றுவிடும்.

தொழிலாளர்களை அழைக்கிறீர்கள் என்றால் அவர்களுடைய ஷிப்ட் நேரத்தைக் கேட்ட பிறகே தேதியை முடிவு செய்யுங்கள். நாளை நீங்களே குறித்துவிட்டு, "வரவே மாட்டேன் என்கிறார்கள்" என்று சொல்வது நியாயமில்லை.

கவிதையைத் தேர்ந்தெடுத்தல்

பன்னிரண்டு முதல் இருபது வரி வரை இரண்டு மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும். தேர்வு மூலமொழிக்காரருடையது. அவருக்குப் பிடித்த கவிதை, அவருக்கு வாயில் வரும் கவிதை. நீங்கள் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான்.

முதல் பட்டறைக்கு நான் பரிந்துரைப்பது கன்னட வசனங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணரும் அக்கமகாதேவியும் அல்லமப்பிரபுவும் இயற்றியவை. பேச்சுக்கு நெருக்கமானவை, யாப்புச் சிக்கல் குறைந்தவை, காப்புரிமைத் தொல்லை இல்லாதவை. கன்னடம் பேசும் ஒருவரைத் தேடிப் போனால் அவருக்கு ஒன்றிரண்டாவது தெரிந்திருக்கும்.

கஜல் எடுத்தால் முழுவதையும் எடுக்காதீர்கள். அதில் ஒவ்வோர் ஈரடியும் தனித்து நிற்கும் என்பதால் இரண்டு மூன்று ஈரடிகளை மட்டும் எடுத்து வேலை செய்யலாம். ஹைக்கூ சின்னதாக இருப்பதால் சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் முறைக்கு அது வேண்டாம். மூன்றே வரியில் ஒரு சொல் தவறினாலும் தாங்கிக்கொள்ள வேறு சொல் இருக்காது.

சில கவிதைகளில் தமிழுக்கு மட்டும் கிடைக்கிற வாய்ப்பும் இருக்கும். சோமாலியின் மரபுக் கவிதைகளில் வரிதோறும் ஒரே ஒலியில் சொற்கள் தொடங்கிக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் அதை நெடுகக் கொண்டுவருவது கடினம். நமக்கோ மோனை பழகிய உறுப்பு. ஒரு சோமாலிக் கவிதை எப்போதாவது உங்கள் கைக்கு வந்தால் மோனையோடு முயன்று பாருங்கள்.

சொல்லுக்குச் சொல் தாள்

பட்டறையின் தரம் இந்தத் தாளில்தான் இருக்கிறது. பட்டறைக்கு ஒரு வாரம் முன்பு நீங்களும் மூலமொழிக்காரரும் தனியாக உட்கார்ந்து இதைத் தயாரியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மூன்று அடுக்கு வேண்டும்: தமிழ் எழுத்தில் மூல ஒலி, அதன் கீழே மூலத்தின் வரிசையிலேயே ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், அதன் கீழே குறிப்பு.

பயிற்சிக்காக நான் எழுதிவைத்திருக்கும் இரண்டு இந்தி வரிகளை வைத்துக் காட்டுகிறேன்.

மூலம்: மா நே சிட்டீ ரக் தீ சூல்ஹே கே பாஸ்
சொற்பொருள்: அம்மா / கடிதம் / வைத்துவிட்டாள் / அடுப்பு / அருகே
குறிப்பு: 'சூல்ஹா' என்பது மண்ணால் செய்த விறகடுப்பு.

மூலம்: பட்னா உஸே நஹீன் ஆதா
சொற்பொருள்: படிப்பது / அவளுக்கு / இல்லை / வருகிறது
குறிப்பு: எழுத்து வாசிக்கத் தெரியாது.

இரண்டாவது வரியைப் பாருங்கள். இதையே ஆங்கிலம் வழியாக வாங்கியிருந்தால் 'அவளால் படிக்க முடியாது' என்று எழுதியிருப்போம். அப்படி எழுதினால் கண் மங்கிவிட்டதா, விளக்கு இல்லையா என்ற சந்தேகம் வரும். சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் 'படிக்க வராது' என்ற நம் வீட்டுப் பேச்சே அங்கே காத்திருக்கிறது. முதல் வரியிலும் அப்படித்தான். 'ரக் தீ' என்ற இரட்டை வினை நம் 'வைத்துவிட்டாள்' என்பதோடு அப்படியே பொருந்துகிறது. இந்திய மொழிகளிலிருந்து எடுக்கும்போது ஆங்கிலத்தைத் தொடாமல் நேராகப் போங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது, தாள் சொல்லாத ஒன்று. அடுப்புக்கு அருகே ஏன் வைத்தாள்? எரிக்கவா? அல்லது அவள் நாள் முழுதும் இருக்கும் இடம் என்பதாலா? சொற்பொருளை வைத்து இதைத் தீர்க்க முடியாது. மூலமொழிக்காரரிடம் கேட்க வேண்டும். "எங்கள் வீட்டில் முக்கியமான எல்லாவற்றையும் அடுப்பு மாடத்தில்தான் வைப்பார்கள்" என்று அவர் சொன்னால் 'அடுப்போரம்' என்ற சொல் சரியாக உட்காரும். 'அடுப்படியில்' என்று போட்டால் சமையலறை முழுவதும் என்று விரிந்துவிடும். கடைசியில் மேசை இப்படி ஒரு வடிவத்துக்கு வரலாம்:

கடிதத்தை அடுப்போரம் வைத்துவிட்டாள் அம்மா.
படிக்க வராது அவளுக்கு.

இதுவே முடிந்த முடிவு என்று இல்லை. மூலத்தில் வரி முடிவது அடுப்பில். நம் வரி முடிவது அம்மாவில். அந்த மாற்றம் வேண்டுமா என்று இன்னொரு முறை வாக்குவாதம் நடக்கும், நடக்கட்டும்.

பட்டறை நாள்: படிப்படியாக

1. வட்டமாக உட்காருங்கள். மூலமொழிக்காரருக்குப் பலகை தெரியும் இடத்தைக் கொடுங்கள்.

2. தாளைக் கொடுக்கும் முன்பே கவிதையை மூலமொழியில் இரண்டு முறை கேளுங்கள். பாடும் கவிதை என்றால் பாடச் சொல்லுங்கள். அப்போது யாரும் எழுதக் கூடாது.

3. எங்கே வேகம் கூடியது, எது திரும்பத் திரும்ப வந்தது என்று கேட்டவர்களிடம் விசாரியுங்கள். பொருள் தெரியாமலேயே காது பிடித்துவைத்திருக்கும் விவரங்கள் பிறகு மிகவும் உதவும்.

4. இப்போது தாளைக் கொடுங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது வரிகளுக்கிடையே நிறைய இடம் விடுங்கள்.

5. கவிதை எங்கே, யார் யாரிடம் சொல்வது என்று மூலமொழிக்காரர் ஐந்து நிமிடம் பேசட்டும். கவிஞரின் வரலாற்றை நீட்ட வேண்டாம்.

6. முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்கொரு வடிவம் சொல்லலாம். எழுதுபவர் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. அரை மணி கழித்து, தள்ளிவைத்த சொல்லே தேவைப்படும்.

7. ஒரு வரியில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றுவிட்டால் வட்டமிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

8. ஒரு மணி நேரத்தில் தேநீர். பாதி முடிச்சுகள் தேநீர் வேளையில் அவிழும், அதனால் இதை வெட்டாதீர்கள்.

9. முழு வடிவத்தையும் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். நாக்கு தடுக்கும் இடங்களை மட்டும் குறியுங்கள்.

10. கடைசியில் மூலத்தை ஒரு முறை, தமிழை ஒரு முறை படித்து, மூலமொழிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது உங்கள் கவிதைதானா?" அவர் தயங்கினால் கவிதை முடியவில்லை. எந்த வரியில் தயக்கம் என்று குறித்துக்கொண்டு அடுத்த முறைக்கு வையுங்கள்.

மேசையில் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்

தமிழ் சில இடங்களில் கட்டாயமாக ஒரு முடிவு எடுக்கச் சொல்லும். மூலமொழி அதை எடுத்திருக்காது. அந்த இடங்களில் ஊகிக்காதீர்கள்.

'நாம்' என்பதா 'நாங்கள்' என்பதா? இந்தியிலும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல். ஊரைவிட்டு வந்த ஒருவர் எழுதிய கவிதையில் இந்த ஒரு தேர்வு, கேட்பவரை உள்ளே சேர்க்கிறதா வெளியே நிறுத்துகிறதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

சொல்பவர் ஆணா பெண்ணா? இங்கே நிலை தலைகீழ்: இந்தியில் 'நான் போகிறேன்' என்பதிலேயே அது தெரிந்துவிடும், தமிழில் தெரியாது. கவிதைக்கு அது முக்கியமென்றால் வேறு எங்காவது கொண்டுவர வழி பாருங்கள்.

உறவுப்பெயரா? அக்காவா தங்கையா, சித்தப்பாவா மாமாவா என்று கேளுங்கள். மரம், மீன், தானியம், பாத்திரம் என்று எது வந்தாலும் செல்பேசியில் படத்தைத் தேடி மூலமொழிக்காரரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். நம் பக்கத்தில் அது இருந்தால் நம் பெயர். இல்லையென்றால் அவர்கள் சொல்லும் பெயரையே வைத்துக்கொள்ளலாம். ஏதோ ஒரு பூ என்று பொதுவாக்கிவிட வேண்டாம்.

அடிக்கடி நேரும் பிழைகள்

மூலமொழிக்காரர் இல்லாமல் தாளை மட்டும் வைத்து வேலை செய்வதுதான் பெரிய பிழை. கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1915இல் 'கத்தே' என்ற சீனக் கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். அப்போது அவருக்குச் சீனம் தெரியாது. ஏற்கெனவே இறந்துபோன அறிஞர் எர்னஸ்ட் ஃபெனலோசா ஜப்பானிய ஆசிரியர்களிடம் கற்று எழுதிவைத்த குறிப்பேடுகள்தான் கையில் இருந்தன. ஆங்கிலக் கவிதையையே மாற்றிய நூல் அது. ஆனாலும் அதில் சீனக் கவிஞர் லீ போவின் இரண்டு தனிக் கவிதைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரே கவிதையாக அச்சாகியிருக்கின்றன. பக்கத்தில் ஒருவர் இருந்து "இங்கே அடுத்த கவிதை தொடங்குகிறது" என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அவ்வளவு பெரிய கவிஞருக்கே நேர்ந்தது நமக்கும் நேரும்.

செல்பேசி மொழிபெயர்ப்புச் செயலியைத் தாள் தயாரிக்கப் பயன்படுத்துவதும் இதே வகைப் பிழைதான். வாக்கியம் வழுவழுப்பாக வந்துவிடுவதால் தவறு எங்கே என்றே தெரியாது. கரடுமுரடான சொல்லுக்குச் சொல் பெயர்ப்பில் சந்தேகம் வெளியே தெரியும். நமக்கு வேண்டியது அதுதான்.

அழகுபடுத்தும் ஆசை இன்னொன்று. மூலம் 'தண்ணீர்' என்றால் 'தண்ணீர்' என்றே இருக்கட்டும். 'புனல்' வேண்டாம். மூலத்தில் இல்லாத எதுகையைச் சேர்ப்பதும், இருக்கும் வசவை மென்மையாக்குவதும் இதில் அடங்கும்.

குழுவில் மூத்த கவிஞர் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் அவர் முகத்தையே பார்ப்பார்கள். அவரிடம் முன்கூட்டியே, "ஐயா, நீங்கள் கடைசியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வார்கள்.

பாதுகாப்பு

கவிதைக் கூட்டத்தில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். வேலை தேடி வந்த ஊரில் ஒருவர் வாய் திறப்பது சாதாரணமல்ல. கூலி பற்றியோ மேற்பார்வையாளர் பற்றியோ எழுதிய கவிதை, பெயரும் படமும் சேர்ந்து ஒப்பந்ததாரரின் செல்பேசிக்குப் போனால் அவருடைய வேலை போய்விடக்கூடும். ஆகவே:

1. படம், காணொளி, நேரலை எதுவும் அனுமதி இல்லாமல் கூடாது. அனுமதியை அவருடைய மொழியில் கேளுங்கள், தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் மறுக்கக் கூச்சப்படுவார்.

2. புனைபெயரில் வெளியிடலாம் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். ஊர், நிறுவனம், விடுதி அடையாளங்களைக் குறிப்பிலிருந்து நீக்குங்கள்.

3. இன்று சரி என்றவர் நாளை வேண்டாம் என்றால் உடனே எடுத்துவிடுங்கள். காரணம் கேட்க வேண்டாம். அதனால்தான் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்பு ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறேன்.

4. போர், இறப்பு, பாலியல் வன்முறை பற்றிய கவிதை என்றால் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். "உங்களுக்கு நடந்ததா இது?" என்று யாரும் கேட்கக் கூடாது. கவிதையில் பேசுவது கவிதையில் உள்ள ஆள் என்றே வைத்துப் பேசுங்கள். ஒருவர் கண்கலங்கினால் கூட்டத்தை நிறுத்திவிட்டு, தொடரலாமா என்பதை அவரே சொல்லும்வரை காத்திருங்கள்.

5. பெண்கள் வருகிறார்கள் என்றால் இருட்டுமுன் முடியுங்கள், அல்லது திரும்பிப் போக வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். சாதி, மதம், 'வடக்கன்' போன்ற சொற்கள் வந்தால் ஒருங்கிணைப்பாளர் அந்த நொடியே தலையிட வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு கண்டிப்பதால் பயனில்லை.

பொது வாசிப்பு

நான்கைந்து கவிதைகள் தேறிய பிறகு ஊரை அழைக்கலாம். சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி முதலில் வங்காளத்தில் எழுதும் வங்கதேசத் தொழிலாளர்களுக்காக நடந்தது. பிறகு தமிழ் உட்படப் பிற மொழிகளுக்கும் விரிந்தது. கட்டட வேலை செய்கிறவர்கள் தங்கள் மொழியிலேயே மேடையில் வாசித்தார்கள். நீங்களும் மூலத்தை முதலில் வையுங்கள், முழுமையாக வையுங்கள். இரண்டு வரி மாதிரிக்கு வாசித்துவிட்டு உட்காரச் சொல்வது அவமதிப்பு.

தமிழ் வடிவத்தை வாசிக்கக் கவிஞரைத் தேட வேண்டாம். அமெரிக்காவில் ராபர்ட் பின்ஸ்கி 1997இல் அரசவைக் கவிஞரானபோது தொடங்கிய 'பிடித்த கவிதை' திட்டத்துக்கு ஒரே ஆண்டில் 18,000 பேர் தங்களுக்குப் பிடித்த கவிதையைச் சொல்லி எழுதினார்கள். எல்லாத் தொழிலையும் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். பேருந்து ஓட்டுநரோ மருந்துக் கடைக்காரரோ பள்ளி மாணவியோ வாசிக்கட்டும். முதல் நாள் ஒரு ஒத்திகை மட்டும் அவசியம். நிகழ்ச்சிக்கு முக்கால் மணி நேரம் போதும். வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை மூன்றையும் தவிர்த்தால் அந்த நேரத்துக்குள் முடியும்.

உரிமையும் பெயரும்

மேசையில் மொழிபெயர்த்துப் பழகுவது ஒன்று, அச்சிடுவது வேறு. மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியரிடம்தான் இருக்கிறது. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70 ஆண்டுகள். 1941இல் மறைந்த தாகூரின் வங்காளக் கவிதைகளை இன்று நீங்கள் தாராளமாகத் தமிழாக்கலாம். ஆனால் அண்மையில் ஒருவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு தமிழாக்கினால், அந்த மொழிபெயர்ப்பாளரின் உரிமை குறுக்கே வரும். உயிரோடு இருக்கும் கவிஞர் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மின்னஞ்சலில் இரண்டு வரி போதும்.

தாளின் அடியில் பெயர்களை இந்த வரிசையில் போடுங்கள்: கவிஞர், மூலமொழிக்காரர், பிறகு பட்டறைக் குழு. 'உதவி' என்ற சொல்லை மூலமொழிக்காரர் பெயருக்கு முன்னால் போடவே கூடாது. அவர் செய்தது மொழிபெயர்ப்பு.

நிகழ்ச்சி முடிந்த வாரத்துக்குள், மூலமும் தமிழும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும்படி அச்சிட்டு அவருக்கு இரண்டு பிரதி கொடுங்கள். நூலகத்தில் ஒரு கோப்புத் தொடங்கி ஒன்றை அங்கே வையுங்கள். பலகையில் எழுதிய எல்லா வடிவங்களையும் படமெடுத்து அந்தக் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள். அடுத்து வருகிற குழுவுக்கு முடிந்த கவிதையைவிட அவைதான் அதிகம் கற்றுக்கொடுக்கும். பிரதியைக் கொடுக்கப் போகும்போதே, அவருக்குத் தெரிந்த இன்னொருவரின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.